மறு: ‘டியான்டாலஜி’க்கு என்ன சொல்? ‘கடப்பாட்டறம்’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ‘டியான்டாலஜி’ என்பது, விளைவு எதுவானாலும் சிலவற்றைச் செய்தே ஆக வேண்டும், சிலவற்றைச் செய்யவே கூடாது என்னும் அறக்கொள்கை.

> ‘கடமையியல்’ என்று சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஓரளவு புழங்கும் சொல்லை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடுவானேன்?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. புழங்குகிற சொல் இருந்தால் அதில் கைவைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். பொதுவான மெய்யியல் அகராதியில் ‘கடமையியல்’ இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாம் இப்போது தொகுப்பது போரறம் பற்றிய சொற்கள். படை, ஆணை, கொலை என்று பேசுகிற இடத்தில் ‘கடமை’யைக் கொண்டுபோய் வைத்தால் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

சென்ற வாசிப்பு வட்டத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். நூலக அறையில் வரைவுத் தாளைக் கொடுத்ததும், அப்போதுதான் ரிசர்விஸ்ட் (கட்டாயத் தேசிய சேவைக்குப் பின் அவ்வப்போது அழைக்கும் படைப்பயிற்சி) முடித்து வந்திருந்த தம்பி ஒருவர் ‘கடமைசார் போரறம்’ என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, “அப்படின்னா மேலதிகாரி சொன்னதைச் செய்றதுதானே அண்ணே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தேசிய சேவை செய்த எவருக்கும் கடமை என்றால் டியூட்டி. டியூட்டி என்றால் பட்டியலில் பெயர் வருவது, இரவு காவல் நிற்பது, ஆணைக்குக் கட்டுப்படுவது. 1967 முதல் சிங்கப்பூர் ஆண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பொருளில்தான் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்கிறார்கள்.

டியான்டாலஜிக்கு முதன்மையானவராகக் கருதப்படும் ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் சொன்னதோ இதற்கு நேர் எதிர். யார் ஆணையிட்டாலும் சரி, எவ்வளவு நன்மை விளையும் என்று கணக்குக் காட்டினாலும் சரி, சிலவற்றைச் செய்யவே கூடாது. எந்த மனிதரையும் வெறும் கருவியாக்கக் கூடாது. 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதியபோது, கொல்லவும் கொல்லப்படவும் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துவது அவர்களை அரசின் கையில் இயந்திரமாக்குவது என்றே அவர் கண்டித்தார். குடிமக்கள் தாமாக முன்வந்து, நாட்டைக் காக்க அவ்வப்போது ஆயுதப் பயிற்சி பெறுவது வேறு என்றும் சொன்னார். (அந்தத் ‘தாமாக’ நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும் என்பது பெரிய பேச்சு. அதற்குத் தனி இழை தொடங்க வேண்டும்.)

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் நின்ற நாஜி அதிகாரி ஐக்மன், தான் வாழ்நாள் முழுக்கக் காண்ட் சொன்ன கடமைப்படியே நடந்ததாகச் சொன்னான். யூதர்களை ரயிலேற்றி வதைமுகாம்களுக்கு அனுப்பும் வேலையைப் பார்த்தவன் அவன். நீதிபதி விளக்கம் கேட்டபோது காண்ட்டின் விதியை ஏறக்குறைய சரியாகவே ஒப்பித்தான். தன் மனத்தைக் கேட்டு விதி காண வேண்டிய இடத்தில் தலைவன் ஹிட்லரின் விருப்பத்தை வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். அதற்குள் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பு வந்து, அறம் பார்த்து மறுக்க ஒருவருக்கு வழி இருந்திருந்தால், மேலிடத்து ஆணை என்பதாலேயே அவர் பொறுப்பு தீராது என்ற நெறியை 1950இல் ஐ.நா.வின் சட்ட ஆணையம் எழுதியும் வைத்துவிட்டது. தமிழில் நாம் ஆக்கும் சொல் ஐக்மனுக்கு இடம் கொடுக்கக் கூடாது. எனக்கு இதுதான் முதல் அளவுகோல். எளிமை, ஓசை, சுருக்கம் எல்லாம் அப்புறம்.

அடுத்து, அக்கா முன்மொழிந்த ‘கடனறம்’.

> கடன் என்பது நல்ல பழந்தமிழ்ச் சொல். வங்கிக் கடன் நினைவுக்கு வரும் என்பதற்காக அதை ஒதுக்கலாமா?

வங்கிக்காக ஒதுக்கவில்லை அக்கா. புறநானூற்று 312ஆம் பாட்டுக்காகத்தான் தயங்குகிறேன். பெற்றுத் தருவது தாய்க்குக் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துத் தருவது கொல்லனுக்குக் கடன். போரில் களிறெறிந்து மீள்வது காளைக்குக் கடன். யார் யாருக்கு என்ன இடமோ, அந்த இடத்துக்கு உரிய பணி அது. பொன்முடியாரின் பாட்டு உயர்ந்த பாட்டு. ஆனால் அந்தக் காளை யாரை வெட்டலாம், யாரை வெட்டக் கூடாது என்று அது கேட்பதில்லை. நமக்கு வேண்டியதோ அந்தக் கேள்விதான்.

அந்தக் கேள்வி ஒன்பதாம் பாட்டில் இருக்கிறது. முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அம்பு தொடுக்கும் முன்னர் பசுக்களும், பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், புதல்வரைப் பெறாதோரும் அரண் சேருங்கள் என்று அறிவிக்கிறான். அதை ‘அறத்தாறு நுவலும் பூட்கை’ என்கிறார் புலவர். இந்தப் ‘பூட்கை’யையே எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு வாரம் மனத்துக்குள் போட்டுப் புரட்டினேன். பூணுவது, மேற்கொள்வது, யாரும் சுமத்தாமல் தானே ஏற்றுக்கொண்ட உறுதி. எவ்வளவு பொருத்தம்!

ஆனால் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் படித்தால் இரண்டு இடறல்கள். ஒன்று, அந்தப் பட்டியலில் புதல்வரைப் பெற்ற உழவன் இல்லை, ஆயுதம் எடுக்காத ஆண் இல்லை. இன்றைய போர்ச் சட்டம் போரிடுபவரா இல்லையா என்பதை மட்டுமே பார்க்கிறது. குலமோ பிள்ளைப்பேறோ பார்ப்பதில்லை. இரண்டு, அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாட்டில், பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதும் புகழாகத்தான் வருகிறது. அப்படியானால் ஒன்பதாம் பாட்டில் இருப்பது ஒரு வேந்தனின் பெருமை. எல்லாரையும் கட்டும் விதியாக அதைக் கொள்ள முடியாது.

அதற்காகப் பூட்கையை விட்டுவிட எனக்கு மனமில்லை. காண்ட் ‘மேக்சிம்’ என்று ஒன்றைச் சொல்கிறாரே, ஒருவர் செயலில் இறங்கும்போது தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் கொள்கை, அதற்குப் பூட்கை அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. அவருடைய சோதனையைத் தமிழில் இப்படிக் கேட்கலாம்: உன் பூட்கை எல்லார்க்கும் விதியாகலாம் என்று நீ மனதார விரும்ப முடியுமா? முதுகுடுமியின் பூட்கையையே இந்தச் சோதனையில் நிறுத்திப் பாருங்கள். பிணியுடையோரை விலக்கியது நிற்கும், கழுதை உழவு நிற்காது.

பிணியுடையோர் என்றதும் இந்த ஊரில் எனக்கு நினைவுக்கு வருவது அலெக்சாண்ட்ரா மருத்துவமனை. 1942 பிப்ரவரி 14. மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது. வெள்ளைக்கொடியோடு எதிரே வந்த அதிகாரியையும், அறுவை மேசையில் மயக்கத்தில் கிடந்த நோயாளியையும் ஜப்பானியச் சிப்பாய்கள் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தினார்கள். கொல்லப்பட்ட நோயாளிகளும் பணியாளர்களும் ஏறத்தாழ 200 பேர் என்பார்கள். அங்கிருந்து தங்கள்மீது சுட்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சுட்டிருந்தாலும் மேசையில் கிடந்தவர் என்ன செய்தார்? இந்தக் கேள்வி லாபநட்டக் கணக்குக்குள் அடங்காது. இப்படிக் கேட்கிற அறத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

என் முன்மொழிவு: கடப்பாட்டறம்.

‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்பது 211ஆம் குறள். பரிமேலழகர் அங்கே அதை ஒப்புரவு என்று கொள்கிறார், சரி. ஆனால் திரும்ப என்ன கிடைக்கும் என்று பாராமல் கட்டுப்படுவது என்ற கருத்து அந்தத் தொடரிலேயே இருக்கிறது. கிரேக்க மூலமான ‘டியான்’ என்பதற்கும் கட்டுவது, செய்தே தீர வேண்டியது என்றுதான் பொருள். கடமையை மேலதிகாரி ஒப்படைக்கலாம். கடப்பாட்டை அப்படி ஒருவர் தலையில் ஏற்ற முடியாது. கடப்பாடு என்றால் இன்றைய பேச்சிலும் நாமே நம்மைக் கட்டிக்கொள்வது.

‘இயல்’ ஏன் வேண்டாம் என்றால், இது ஒரு துறையின் பெயர் இல்லை, ஒரு தரப்பின் பெயர். ஆங்கில மெய்யியலாளர் பென்தம் இந்தக் கிரேக்கச் சொல்லை ஆக்கியபோது துறைப்பெயராகத்தான் வைத்தார், அவரோ பயன்பார்க்கும் கட்சிக்காரர். 1930இல் மெய்யியலாளர் சி. டி. பிராட் எழுதிய பிறகுதான் அது விளைவு பார்க்கும் தரப்புக்கு எதிர்த்தரப்பின் பெயராக நிலைத்தது. ஆகவே ‘கடப்பாட்டறம்’, அதற்கு எதிரே ‘விளைவறம்’. இரண்டும் ஒரே வார்ப்பில் இருந்தால் மாணவருக்கும் எளிது.

வள்ளுவரிடம் இரண்டுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ‘ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை’ என்பது கலப்பில்லாத கடப்பாட்டறம். ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த’ என்பது விளைவறம். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்ற காண்ட் இதை ஒருநாளும் ஒப்பமாட்டார்.

இனி கடினமான இடம். ஹிரோஷிமாவை எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா என்று ஐயா கேட்டிருந்தார். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு அதை வெறும் பாட எடுத்துக்காட்டாக எழுத முடியாது. சயாம் மரண ரயில்பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மடிந்துகொண்டிருந்த ஜப்பானிய ஆட்சி அது. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்தது. செப்டம்பர் 12 அன்று நகராட்சிக் கட்டடத்தில், இன்றைய தேசியக் கலைக்கூடத்தில், ஜப்பானியப் படை சரணடைந்து கையெழுத்திட்டது. அதனால் பிழைத்தோம் என்று சொன்ன பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சர் என்று நான் சொல்லமாட்டேன். 1956இல், குண்டு போட ஆணையிட்ட அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கௌரவப் பட்டம் கொடுக்க முன்வந்தபோது அங்கிருந்த மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் எழுந்து எதிர்த்தார்: குற்றமற்றவரைக் கொல்வதையே வழியாகத் தேர்ந்து ஒரு நோக்கத்தை அடைவது கொலைதான், நோக்கம் எதுவானாலும். நான் அவர் பக்கம். ஆனால் குறிப்பில் இரு தரப்பும் முழு வலுவோடு வர வேண்டும். கடப்பாட்டறத்துக்கு உரிய விலை என்ன என்பதை வாசகர் உணர வேண்டும்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரிடாதவரைக் ‘குடிமக்கள்’ என்று வரைவில் எழுதியிருக்கிறோம். சிங்கப்பூரில் அது குடியுரிமை உள்ளவரைக் குறிக்கும்; விடுதியில் தங்கி வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊழியர் அதில் வரமாட்டார். போர்ச் சட்டம் அவரையும் காக்கிறது. ‘பொதுமக்கள்’ என்றே மாற்றுவோம். அதேபோல், இலக்கைத் தாக்கும்போது பொதுமக்கள் சாவதைப் ‘பக்கவிளைவு’ என்று எழுத வேண்டாம். மருந்துச் சீட்டுச் சொல் அது. ‘உடன் நேரும் உயிரிழப்பு’ என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

தானே இலக்கைத் தேர்ந்து சுடும் ஆயுதத்துக்குத் ‘தன்னாட்சி ஆயுதம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தனக்குத்தானே விதி வகுத்துக்கொள்வதைக் காண்ட் மனிதருக்கு உரிய தன்னாட்சி என்கிறார். கண்ணியமே அதிலிருந்துதான் வருகிறது. கருவிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், அதை ஏவியவர் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார். ‘தன்னியக்க ஆயுதம்’ போதும். ஐ.நா. பொதுச் சபை 2023 டிசம்பரில் இதைப் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேற்றிவிட்டதால், இந்தச் சொல் சீக்கிரமே செய்திகளில் வரும். நாம் முந்திக்கொள்வது நல்லது.

அன்புடன்,
தெம்பனிசிலிருந்து

———

தம்பி,

கடனறத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 312ஐ அப்படி நான் யோசித்ததில்லை. ஆனால் இரண்டு கேள்வி. செய்தியில் ‘அரசாங்கம் தன் கடப்பாட்டை மறுவுறுதிப்படுத்தியது’ என்று படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு அது வெறும் வாக்குறுதியாகத் தோன்றாதா? இன்னொன்று, இந்தத் தரப்பைச் சேர்ந்தவரை எப்படிச் சொல்வது? ‘கடப்பாட்டறவாதி’ வாயில் நுழையவில்லை.

பூட்கைக்குக் கட்டாயம் உரை வேண்டும். உயர்நிலைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் வையுங்கள். நல்ல சொல்.

———

அக்கா,

வாக்குறுதி என்ற சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆணை என்ற சாயலைவிட அது எவ்வளவோ மேல். வாக்குக் கொடுத்தவர் அதற்குத் தாமே பொறுப்பு என்பதாவது அதில் இருக்கிறது. தனியே ‘கடப்பாடு’ வரும் இடங்களில் ‘அறக் கடப்பாடு’ என்று எழுதிவிட்டால் குழப்பம் குறையும்.

ஆளுக்குக் ‘கடப்பாட்டறத்தார்’ எப்படி? சமணத்தார், சைவத்தார் என்பதுபோல. எதிர்த்தரப்புக்கு ‘விளைவறத்தார்’. ‘வாதி’ நீதிமன்றத்தை நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம்.

பூட்கைக்கான உரையை நீங்களே எழுதித் தந்தால் நல்லது, ஒன்பதாம் பாட்டோடு 15ஆம் பாட்டையும் சேர்த்து. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். திருத்திய தாளை முதலில் அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வோம்.