1929 கட்டுரையில் வேகங்கள் யாருடையவை?

நிறமாலைநேசன்: "பிரபஞ்சம் விரிவதை 1929இல் ஹப்பிள் தனி ஆளாகக் கண்டுபிடித்தார்" என்று நேற்று கதிரொளி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஹப்பிளின் 1929 கட்டுரையில் உள்ள விண்மீன் திரள்களின் வேகங்களில் பெரும்பாலானவை வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தவை. அரிசோனா லோவெல் வானாய்வகத்தில், 24 அங்குலத் தொலைநோக்கியோடு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எடுத்த நிறமாலைகள், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த படங்கள். ஹப்பிள் அவர் பெயரைக்கூடப் போடவில்லை.

கதிரொளி: வேகத்தை மட்டும் வைத்து என்ன செய்வது? தூரம் வேண்டாமா? 1923இல் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளில், தூரத்தை அளக்க உதவும் செஃபீட் என்ற துடிக்கும் விண்மீனைப் பிடித்தது யார்? உங்கள் ஸ்லைஃபர் 1912இல் முதலில் அளந்த அதே ஆண்ட்ரோமீடா நொடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. இதுதான் விரிவுக்குச் சாட்சியா?

நிறமாலைநேசன்: ஒன்றைச் சொல்லிவிட்டு மிச்சத்தை ஏன் முழுங்குகிறீர்கள்? 1917இல் அவர் கணக்கில் 25 சுருள் விண்மீன் திரள்களில் 21 விலகிப் போகின்றன. நான் கேட்டது ஒன்றே ஒன்று: வேகங்கள் யாருடையவை?

தேன்மொழி: செஃபீட்களை வைத்துத் தூரம் அளக்கும் அளவுகோலே வானியலாளர் ஹென்ரியேட்டா லெவிட் தந்தது. பெல்ஜிய இயற்பியலாளர் லெமெய்த்ர் 1927லேயே விரிவு வீதத்தைக் கணக்கிட்டுவிட்டார். அவர் கட்டுரையின் 1931 ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பத்தி காணாமல் போனது. அதையும் பேசுங்கள்.

கதிரொளி: சதிக்கதை ஆரம்பித்தாச்சா! மொழிபெயர்த்ததே லெமெய்த்ர்தான் என்று 2011இல் கடிதமே வெளிவந்துவிட்டது.

தேன்மொழி: சதி என்று நான் எங்கே சொன்னேன்? புளூட்டோ பற்றிய பழைய இழையிலும் இப்படித்தான் நான் சொல்லாததை என் வாயில் திணித்தீர்கள். இன்னும் மறக்கவில்லை.

கதிரொளி: புளூட்டோவில் நான் சொன்னது சரிதான். தேடிப் பாருங்கள்.

மலையேறி: ஹப்பிளோடு வேலை செய்த ஹ்யூமசனை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! பள்ளியைப் பாதியில் விட்டு, வானாய்வகம் இருக்கும் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதை ஓட்டியவர். என்.ஜி.சி. 7619 என்ற விண்மீன் திரள் நொடிக்குச் சுமார் 3,800 கி.மீ. வேகத்தில் விலகுவதை அவர்தான் அளந்தார்.

கதிரொளி: ஹப்பிள் கேட்டதால் அளந்தார்.

மலையேறி: கேட்டவருக்குப் பெயர், குளிரில் கண் விழித்தவருக்கு ஒன்றுமில்லையா? நல்ல நியாயம்!

நிறமாலைநேசன்: மறுபடியும் கேட்கிறேன், வேகங்கள் யாருடையவை? ஹப்பிளின் தூரங்களைப் பற்றியும் பேசலாம். விரிவு வீதம் ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தூரம்) நொடிக்கு 500 கி.மீ. என்றார், இன்றைய மதிப்பு சுமார் 70. அவர் எண்ணை நம்பினால் பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயதுதான், பூமியின் பாறைகளே அதைவிடப் பழையவை. ஸ்லைஃபரின் வேகங்கள் இன்றும் நிற்கின்றன.

கதிரொளி: எண் தப்பு, கோடு சரி. தூரம் கூடக் கூட வேகமும் கூடும் என்ற கோட்டைப் போட்டது ஹப்பிள்.

நிறமாலைநேசன்: கோடு போட்ட புள்ளிகள் யாருடையவை?

கதிரொளி: ஸ்லைஃபரின் வேகங்கள், தன் தூரங்கள் என்று 1953இல் ஹப்பிளே அவருக்குக் கடிதம் எழுதினார். அப்புறம் என்ன குறை?

நிறமாலைநேசன்: 24 வருஷம் கழித்து, தனிக் கடிதத்தில்! 1929 கட்டுரையில் ஏன் இல்லை? அதற்குப் பதில் சொல்லுங்கள்.