கை ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல: உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் எழுதுங்கள்

ராணிப்பேட்டையிலிருந்து:

எங்க நைனா 31 வருஷம் தோல் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஆட்டுத்தோலை மேஜைமேல் விரிப்பார். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் அடியில், கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரே இழுப்பு. அப்புறம் மேல்புறம் உள்ளே போகிற மாதிரி மடித்து, விழுகிற சுருக்கத்தைப் பார்ப்பார். பொடிச் சுருக்கமாக இருந்தால் நல்ல தோல். தொளதொளவென்று பெரிசாக விழுந்தால் ஓரம் தள்ளிவிடுவார். கடைசியில் காதுக்குப் பக்கத்தில் ஒரு உதறு. எல்லாம் சேர்த்துப் பத்து நொடி ஆகாது.

அறுபதை நெருங்கும்போது இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. எங்களுக்கு அது ரொம்ப நாள் தெரியாது. பால்காரருக்கு 20 ரூபாய் என்று நினைத்து 200 ரூபாய் நோட்டை நீட்டினபோதுதான் பிடிபட்டது. இதில் எனக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம், அவர் பிரித்த சரக்கில் அதுவரை ஒரு தோல்கூட தப்பு என்று திரும்பி வரவில்லை. கண் மங்க மங்க, விரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அவருக்கே அது தெரியாது.

கஷ்டம் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் வந்தது. பழுத்த லென்ஸ் நீல ஒளியை மறிக்கும். அதை எடுத்ததும் நீலம் தூக்கலாகத் தெரியும். குரோம் போட்டுப் பதப்படுத்திய ஈரத்தோலோ நீல நிறம். வேலைக்குத் திரும்பின அன்று, “இது வேற சரக்கா?” என்று கேட்டாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், “கையில மழமழன்னு கீது, பாத்தா சொரசொரன்னு கீது. எதம்மா நம்பறது?” என்றார். அவர் குரலில் அப்படி ஒரு தடுமாற்றத்தை நான் கேட்டதே இல்லை. கொஞ்ச நாள் கண்ணை மூடித் தடவி, தரம் சொல்லிவிட்டு, அதன்பிறகு திறந்து பார்த்து வேலை செய்தார். மெல்ல மெல்ல இரண்டும் ஒத்துப்போயின.

நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். இதற்காகவே தேடிப் படித்தேன். 2002-இல் எர்ன்ஸ்ட், பேங்க்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மேட்டின் உயரத்தைப் பார்த்தும் தொட்டும் மதிப்பிட வேண்டும். காட்சி தெளிவாக இருக்கும்வரை மூளை கண்ணை நம்பியது. காட்சியை வேண்டுமென்றே கலங்கலாக்கினால், கை சொல்வதற்கு எடை கூடிக்கொண்டே போனது. பஞ்சாயத்தில் கிட்ட நின்று பார்த்தவர் பேச்சுக்குத் தனி மதிப்பு இருக்குமே, அந்த மாதிரி. நைனாவின் மூளை பல வருஷமாகக் கைக்குக் கொடுத்திருந்த எடையை ஒரே நாளில் எப்படி மாற்றும்?

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஆம்பூரிலிருந்து:

கொரோனா வந்துபோன பிறகு ஆறு மாசம் எனக்கு வாசனையே இல்லை. சீரக சம்பா பிரியாணியில் உப்பும் காரமும் புளிப்பும் தெரிந்தன, பிரியாணி தெரியவில்லை. வாயில் மெல்லும்போது வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறினால்தான் அது இன்ன சாப்பாடு என்று முழுசாகத் தெரியும் என டாக்டர் விளக்கினார். தம் இறக்கும் நேரம் எப்போதும் என் மூக்குக்குத்தான் தெரியும். அந்த ஆறு மாசமும் அண்டா ஓரத்தில் காதை வைத்துக் கொதி அடங்குகிறதா என்று கேட்டு இறக்கினேன்.

காட்பாடியிலிருந்து:

எங்கள் தாத்தாவுக்குத் தொழுநோய். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து நோய் குணமாகிவிட்டது, ஆனால் கைகளில் தொடுணர்வு திரும்பவில்லை. காபி டம்ளரை எடுக்குமுன் ஆவி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். சட்டைப் பொத்தானைக் கண்ணாடி முன் நின்றுதான் போடுவார். ஒரு ராத்திரி கரண்ட் போனது. தீப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்தேன். “குடுத்துட்டியா?” என்று கேட்டார். பெட்டி அவர் உள்ளங்கையில்தான் இருந்தது. கண்ணுக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் அவருக்குக் கையே இல்லாத மாதிரி.

1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துச் சொன்னதும் இதைத்தான். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படுகிற காயத்தில்தான் சிதைகின்றன. அதனால் தினமும் கையையும் காலையும் கண்ணால் பார்த்துச் சோதிக்கச் சொல்லித் தந்தார்கள். தாத்தா சாகும்வரை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் விளக்கடியில் உட்கார்ந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

ஆற்காட்டிலிருந்து:

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு ஆபரேஷன் செய்தால், தொட்டுப் பழகின பொருளைப் பார்த்ததும் தெரியுமா?

ராணிப்பேட்டையிலிருந்து:

1688-இல் மோலினோ என்பவர் தத்துவஞானி ஜான் லாக்குக்கு எழுதிக் கேட்ட கேள்வியும் இதுவே. விடை நம் நாட்டுப் பிள்ளைகளிடம்தான் கிடைத்தது. விஞ்ஞானி பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தில் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேரைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். பார்த்த பொருளை மறுபடி பார்த்துச் சரியாகக் காட்டினார்கள். தொட்ட பொருளைப் பார்த்துக் காட்டச் சொன்னபோது குருட்டாம்போக்காகத்தான் வந்தது. பின்னாளில் சிலரை மறுபடி சோதித்தபோது அதுவும் நன்றாக வந்திருந்தது. கண்ணும் கையும் பேசிக்கொள்ளப் பழக வேண்டியிருக்கிறது, அந்தப் பழக்கம் வேகமாகவும் வந்துவிடுகிறது.

காட்பாடிக்காரர் எழுதினதைப் படித்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். தாத்தாவைப் பற்றி எழுதினதற்கு நன்றி.

காதைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். 1998-இல் பின்லாந்தில் உள்ளங்கைகளைத் தேய்க்கிற சத்தத்தைப் பிடித்து, அதில் கீச்சென்ற பகுதியைக் கூட்டி, தேய்க்கிறவருக்கே கேட்கவிட்டார்கள். தன் தோல் காகிதம் மாதிரி உலர்ந்திருப்பதாக அவருக்குப் பட்டதாம். தோல் பதப்படுத்துகிற டிரம் சத்தத்தோடு ஓடும்போது நைனா ஏன் தரம் பிரிக்க மாட்டேன் என்று தோல் கட்டைத் தூக்கிக்கொண்டு தூரப் போவார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நேற்று பழைய பெட்டியில் கிடந்த ஒரு துண்டுத் தோலைக் கொடுத்து என்னவென்று கேட்டேன். தடவினார், மடித்தார், காதுகிட்ட உதறினார். முகம் சுளித்து, “டிவிய நிறுத்தும்மா” என்றார். நிறுத்தினேன். இன்னொரு உதறு.

“ஆடு. வயித்துப் பக்கம்.”