புதுப்பிப்பு: கோயில் வாசலை மிதிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேனே

போன ஆடியில் எழுதியிருந்தேன்: 6 வயது மகன் காய்ச்சலில் போன பிறகு கோட்டை மாரியம்மன் கோயில் பக்கமே போக முடியவில்லை, சாமி மேல் அவ்வளவு கோபம் என்று. ‘காலம் ஆற்றும்’ என்றவர்களுக்கு நான் பதில் போடவில்லை, மன்னியுங்கள். (அந்த வார்த்தை இன்னமும் எனக்குப் பிடிக்காது.)

போன வாரம் மாமியார் பிடிவாதமாக ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார். 20 கொண்டை ஊசி வளைவுகள். அவன் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுவான். 14 வந்தால் வாந்தி. இந்த முறை நான் எண்ணினேன்.

சேர்வராயன் கோயில் ஒரு குகை, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். இருட்டு, ஈரம், எண்ணெய் வாசனை. எதையும் வேண்டத் தோன்றவில்லை. அவன் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன், எத்தனையோ மாதம் கழித்து. பக்கத்தில் நின்ற மலைக்காரப் பாட்டி “யாரு கண்ணு?” என்றார். “எம் பையன்.” மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எனக்குத் திருநீறு பூசிவிட்டு, “அவனுக்கும் வெச்சுக்கோ” என்று இன்னொரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

கோபம் போய்விடவில்லை. பொட்டலம் அவன் பள்ளிப் பையில் இருக்கிறது. அப்புறம், வெள்ளிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயில் வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன்.