அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிற்கவே மாட்டேங்குது, ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்க

நாகலூர்க்காரன்:
போன வாரம் போனில் பெரிய அப்டேட் வந்தது, போட்டேன். அதுவரை காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பினால் ராத்திரி படுக்கும்வரை தாங்கும். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே 30க்கு வந்துவிடுகிறது, சட்டைப் பையில் இருக்கும்போதே சுடுகிறது. வேலை காப்பித் தோட்டத்தில், பகலெல்லாம் வெளியில்தான், நடுவில் சார்ஜ் போட வழியில்லை. ஆண்ட்ராய்டு, வாங்கி இரண்டு வருஷம். சேலத்தில் ஒரு கடையில் காட்டினால், கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல் பேட்டரி மாத்திடலாம் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா, இல்லை பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா?

அம்மாபேட்டை:
பேட்டரிக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீங்க. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் போன் சும்மா கிடப்பது மாதிரி தெரியும், உள்ளே ஆப்களையெல்லாம் புது சிஸ்டத்துக்கு ஏற்ற மாதிரி தயார் பண்ணிக்கொண்டிருக்கும். அதில் பெரும்பகுதி போன் சார்ஜில் சும்மா இருக்கும்போது ஓடுவது, அதனால் ராத்திரி வைஃபையோடு சார்ஜில் விட்டுப் பாருங்க. பழைய வெர்ஷனை மறந்துடுங்க, போனில் இருப்பதெல்லாம் அழியும், பல மாடலில் கம்பெனியே விடாது.

கொண்டை ஊசி:
அண்ணா சொல்வது சரிதான், ஆனால் நாகலூர் என்றதும் எனக்கு டவர்தான் ஞாபகம் வருது. சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கும் இடத்தில், டவரை எட்டுவதற்காக போன் அதிக பவரில் அலையை அனுப்பும், 5ஜி கிடைக்காமல் 4ஜிக்கு இறங்கும், மறுபடி 5ஜியைத் தேடும், இதே வேலையாக இருந்தால் சூடாகாமல் என்ன செய்யும். செட்டிங்ஸில் பேட்டரிக்குள் போய் எது எவ்வளவு தின்கிறது என்று பாருங்க. மொபைல் நெட்வொர்க் மேலே நின்றால் டவர் பிரச்சினை. ஏதாவது ஆப் பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியிருந்தால் அதுதான் ஆள். அப்டேட்டில் நெட்வொர்க் செட்டிங் 5ஜிக்கு மாறியிருக்கவும் கூடும், 4ஜியில் வையுங்க, வாட்ஸ்அப்புக்கும் பேசுவதற்கும் அதுவே தாராளம். இரண்டு சிம் இருந்தால் மலையில் எடுக்காததை அணைச்சுடுங்க, அதுவும் தனியாகத் தேடிக்கொண்டிருக்கும். அப்புறம், சேலம் இறங்கும் நாளில் இதே மாதிரி உபயோகித்துப் பாருங்க. கீழே அஸ்தம்பட்டியில் சார்ஜ் நின்று, மலைக்கு மேலே வந்ததும் மளமளவென்று இறங்கினால், பேட்டரியை மாற்றி என்ன பிரயோஜனம்?

ஜங்ஷன் பையன்:
ஃபேக்டரி ரீசெட் அடிங்க ப்ரோ, வேலை முடிஞ்சது.

அம்மாபேட்டை:
தம்பி, ரீசெட் அடித்தால் அத்தனை ஆப்பும் திரும்ப இறங்கி, போட்டோவெல்லாம் திரும்ப ஒத்திசைந்து, அதற்கே சார்ஜ் போகும். பேங்க் ஆப்பை எல்லாம் முதலிலிருந்து பதிய வேண்டும். அது கடைசி வழி. ஆனால் அப்டேட் மேல் சந்தேகப்படுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை 2017இல் ஆப்பிளே ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 ஆக்கியது.

நாகலூர்க்காரன்:
பார்த்தேன், மொபைல் நெட்வொர்க்தான் முதலில் நிற்கிறது, அதற்கடுத்து ஒரு ஷாப்பிங் ஆப், அதை நான் திறந்தே மாசக்கணக்காகுது, எடுத்துவிட்டேன். 4ஜியில் வைத்து இரண்டாவது சிம்மையும் அணைத்ததில் இன்று சாயங்காலம் 45 மிச்சம். பழைய அளவு இல்லைதான், ஆனால் வெயிலில் நிற்கும்போது தவிர சூடு இல்லை. சேலம் போய் வந்ததும் அங்கே எப்படி நின்றது என்று எழுதுகிறேன்.