குப்புறக் கிடக்கும் நாம்சான் புத்தரை நிமிர்த்தத்தான் வேண்டுமா?

நடைவாசி:
தென்கொரியாவின் கியோங்ஜு நகருக்குத் தெற்கே நாம்சான் மலையில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தேன். உயரம் என்று பார்த்தால் பெரிதில்லை. நான் ஏறிய கும்ஓபோங் சிகரம் 468 மீட்டர்தான். ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்தாலும் சில்லா அரசு காலத்துப் புத்தர் ஒருவர் எதிரே வருகிறார். இரண்டாம் நாள் மலையின் தென்புறம், யொராம்கோக் சரிவில் பார்த்தது இன்னும் மனதை விட்டு அகலவில்லை. எழுபது டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரே பாறை. அதில் செதுக்கிய புத்தர் குப்புற விழுந்து கிடக்கிறார். 2007-இல்தான் கண்டுபிடித்தார்கள். மூக்குக்கும் கீழேயுள்ள பாறைக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது மூன்று விரல் அகலம். முகம் தப்பியது அதனால்தான். இன்னும் எத்தனை காலம் அப்படியே போட்டு வைப்பது? நிமிர்த்த வேண்டும் என்பது என் கட்சி.

கல்தச்சன்:
எதைக் கொண்டு நிமிர்த்துவது ஐயா? அங்கே போவதற்கு இருப்பது நடைபாதை. கிரேன் ஏற வேண்டுமானால் மரங்களைச் சாய்த்துச் சாலை வெட்ட வேண்டும். மலை முழுவதும் பழைய கோயில்களின் அடித்தளங்கள் புதைந்து கிடக்கின்றன. 2000-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. சங்கிலி போட்டுத் தூக்கும்போது பாறை ஒரு சாண் வழுக்கினால் உங்கள் மூன்று விரல் என்ன ஆகும்?

பைன்மரம்:
கல்தச்சன் பக்கம்தான் நானும். அதே ஊரில் தோஹாம்சான் மலையிலுள்ள சொக்குராம் குகைக்கோயிலை மறந்துவிடக் கூடாது. 1913 முதல் 1915 வரை ஜப்பானிய ஆட்சியினர் அதைப் பிரித்துச் சிமெண்ட் பூசிக் கட்டினார்கள். அன்று பிடித்த ஈரக்கசிவுத் தொல்லை பிறகு பல பழுதுபார்ப்புகளுக்குக் காரணமானது. இன்று கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிகிறது. நல்லது செய்யத்தான் அவர்களும் கை வைத்தார்கள்.

நடைவாசி:
நூறாண்டுக்கு முந்தைய சிமெண்டைக் காட்டி இன்றைய பொறியாளர்களை மிரட்டாதீர்கள். அதே யொராம்கோக்கில் தலையில்லாமல் ஒரு புத்தர் அமர்ந்திருந்தார். 2005-இல் தலை கிடைத்தது. 2009-இல் பொருத்திச் சீரமைத்துவிட்டார்கள். அந்தச் சிலையைச் சுற்றி ஆய்வு செய்தபோதுதான் விழுந்தவரே கண்ணில் பட்டார். பக்கத்தில் இருப்பவருக்குச் செய்ததை இவருக்குச் செய்யக் கூடாதா?

பைன்மரம்:
அந்தச் சிலையின் எடையையும் இதன் எடையையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே! போகட்டும், சாம்னுங் பள்ளத்தாக்கில் ஏறினீர்களா? பைன் காட்டைத் தாண்டியதும் தலையும் கைகளும் இல்லாமல் ஒரு புத்தர் அமர்ந்திருப்பாரே. இடது தோளிலிருந்து தொங்கும் கயிற்று முடிச்சைப் பாருங்கள். குஞ்சத்தின் இழைவரை கல்லில் இறங்கியிருக்கிறது. தலை இருந்திருந்தால் நான் அந்த முடிச்சைக் கவனித்திருப்பேனா என்பதே சந்தேகம். அவருக்கு யாராவது புதுத் தலை வைத்தால் ஏற்பீர்களா?

நடைவாசி:
இல்லாத தலையைப் புதிதாகச் செய்வதும் இருக்கிற சிலையை நிமிர்த்துவதும் ஒன்றா அக்கா?

ஊர்க்குருவி:
இரு தரப்புக்கும் ஒன்று. 2016 செப்டம்பரில் கியோங்ஜுவில் 5.8 அளவுக்கு நிலநடுக்கம் வந்தது. சும்மா விட்டால் பத்திரம் என்று கல்தச்சன் எந்த நம்பிக்கையில் சொல்கிறார்? அடுத்த குலுக்கலில் பாறை சற்று இறங்கினாலும் முகம் போய்விடும். கொரியாவின் பெரிய பௌத்தப் பிரிவான ஜோகே சங்கத்தார் நிமிர்த்தச் சொல்வதில் பக்தி மட்டும்தான் இருக்கிறது என்று ஒதுக்கிவிட முடியாது.

கல்தச்சன்:
சரிவைக் கெட்டிப்படுத்தட்டும், கீழே முட்டுக் கொடுக்கட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. தூக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த ஐந்து சென்டிமீட்டரைப் பார்க்கத்தானே நீங்களே வியர்க்க வியர்க்க ஏறினீர்கள்? நிமிர்ந்து நின்றால் நாம்சானில் இன்னும் ஒரு புத்தர், அவ்வளவுதான்.

நடைவாசி:
அது வேடிக்கை பார்க்கப் போகிறவனின் பேச்சு. நான் அங்கே இருந்தபோது ஒரு பாட்டி கைத்தடியோடு ஏறி வந்தார். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தப் பாறையின் செதுக்காத முதுகைப் பார்த்து மூன்று முறை விழுந்து வணங்கினார். முகத்தைப் பார்த்து வணங்கக் கொடுத்து வைக்கவில்லையே அவருக்கு.

கல்தச்சன்:
முகம் தெரியாத குறை அந்தப் பாட்டிக்கு இருந்ததாக உங்களிடம் சொன்னாரா?

நடைவாசி:
எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.