கோஷர் கறி: நேரில் பார்த்தது

நியூயார்க்கில் இருந்தபோது புரூக்ளினில் போரோ பார்க் பக்கம் குடியிருந்தேன். ஹசிதியர்கள் என்ற, மிகவும் ஆசாரமான யூதர்கள் நிறைந்த இடம். யூதர்களின் பாவ நிவர்த்தி நாளான யோம் கிப்பூர் நெருங்கிய ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பெரியவர் கோஷர் முறைப்படி, அதாவது யூத உணவுச் சட்டப்படி, கோழி அறுக்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்.

அறுப்பவரை ஷோஹெத் என்கிறார்கள். சட்டங்களைப் படித்து, யூத மதகுருவான ரபியிடம் தேறியவர்தான் அறுக்கலாம். நாங்கள் போனபோது அவர் கத்தியைச் சோதித்துக்கொண்டிருந்தார். நுனியில் கூர் இல்லை, சதுரமாக முடிகிறது. அதன் வாயை நகத்தின் மேல் வைத்து முன்னும் பின்னுமாக மெல்ல இழுத்தார். அப்புறம் விரல் சதையில். கண் மூடியிருந்தது. ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கல்லில் தீட்டிவிட்டு மறுபடி நகத்தில் வைத்தார். காத்திருந்தவர்களில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. சின்ன வயதிலிருந்தே கறிக்கடையில் நின்று வாங்கிப் பழகியவன் நான். ஒரு கத்தியை யாரும் இப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு சிறிய துதி சொன்னார். கண் இமைப்பதற்குள் அறுத்து முடித்தார். நடுவில் நிறுத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, கத்தி இறகுக்குள் மறையக் கூடாது, உரிய இடத்தை விட்டு விலகக் கூடாது, தொண்டைக் குழல் பிய்ந்து வரக் கூடாது. இந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் அந்தக் கோழி அவர்களுக்கு ஆகாது. அறுத்த பிறகும் கத்தியைப் பார்த்தார். அப்போது அதன் கூரில் சிறு பள்ளம் விழுந்திருந்தால் அறுத்தது வீண். கீழே விரித்திருந்த மரத்தூளில் விழுந்த ரத்தத்தை இன்னொரு பிடி தூள் போட்டு மூடினார். பறவைக்கும் காட்டு விலங்குக்கும் அந்த மரியாதை உண்டு, பைபிளில் லேவியராகமம் 17-இல் இருக்கிறது. ஆடு மாடுகளுக்கு அது கிடையாது.

*

மேலே இன்னொருவர் கத்தியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு அடுப்படி ஞாபகம் வந்தது. இஸ்ரேலில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சவ்தா என்றுதான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம்.

ரத்தம் சாப்பிடக் கூடாது என்பதால் கறியை அரை மணி நேரம் ஊறவைத்து, கல் உப்பு தூவி, சாய்வான பலகையில் ஒரு மணி நேரம் வடியவிட்டு, மூன்று முறை அலச வேண்டும். இப்போது அதெல்லாம் கடையிலேயே முடிந்துவிடுகிறது. ஈரலுக்கு மட்டும் உப்பு போதாது, நேரடி நெருப்பில் வாட்ட வேண்டும். சவ்தா அதை என்னிடம் விடமாட்டார். நடுங்குகிற கையோடு தானே திருப்பித் திருப்பி வாட்டுவார்.

வந்த புதிதில், முந்தின நாள் கறி வைத்த பாத்திரத்தில் டீக்குப் பால் காய்ச்சிவிட்டேன். கறியும் பாலும் சேரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். சவ்தாவின் முகம் வாடிவிட்டது. ஆனால் திட்டவில்லை. ரபிக்குப் போன் செய்தார். ரபி பாலைக் கொட்டச் சொன்னார். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தோம். அப்புறம் அதில் தளும்பத் தளும்பத் தண்ணீர் விட்டு, விளிம்பு வழியச் சவ்தா கொதிக்கவைத்தார். நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அதே பாத்திரத்தில்தான் கோழி சூப் வைத்தோம். முதல் கிண்ணத்தை எனக்குத்தான் ஊற்றினார்.