லோபாபெய்சா சுவெட்டர்ல கைய எப்படி சேக்கறது?

கேள்வி: ஐஸ்லாந்து லோபாபெய்சா (தோள சுத்தி வட்டமா டிசைன் வர்ற கம்பளி சுவெட்டர்) முதல்தடவையா பின்னறேன், லெட்லோபி நூல், 4.5 மிமீ ஊசி. உடம்பு முடிஞ்சுது, ரெண்டு கையும் தனியா போட்டு வச்சிருக்கேன், இப்ப எல்லாத்தையும் எப்படி ஒண்ணாக்கறது? நூல் வேற சொரசொரன்னு இருக்கு, கழுத்துல குத்துமா?

பதில் 1: அக்கா, அக்குள் கிட்ட உடம்புலயும் கையிலயும் கொஞ்சம் கண்ணிய வேற நூல்ல கோத்து நிறுத்திருங்க, மிச்சத்த எல்லாம் ஒரே நீள சர்க்குலர் ஊசில (ரெண்டு முனையும் கேபிள்ல சேந்திருக்கற ஊசி) ஏத்தி வட்டமாவே போட்டுட்டு போங்க, டிசைன் நடுவுல கண்ணி குறைக்க குறைக்க கழுத்து தானா வந்துரும். அக்குள்ல நிறுத்தின கண்ணிய கடைசில ஒண்ணா சேத்து தச்சுக்கலாம். பின்னாடி ஓடுற கலர் நூல மட்டும் இழுத்துப் பிடிக்காதீங்க, நான் பிடிச்சேன், தோள்ல ஏறவே இல்ல 😅

பதில் 2: குத்தும், பொய் சொல்ல மாட்டேன். அந்த ஊர் ஆட்டுக்கு ரெண்டு அடுக்கு முடி, வெளிய முரடா நீளமா இருக்கறது தோக், உள்ள மெத்துன்னு இருக்கறது தெல், லோபி நூல்ல ரெண்டும் கலந்துதான் இருக்கும், அதான் தூறல்ல சட்டுனு நனையாது. அலசி காயவச்சா கொஞ்சம் அடங்கும். உள்ள காட்டன் சட்ட போட்டுக்கோங்க.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க! சுவெட்டர நடுவுல வெட்டி, முன்னாடி திறக்கற கார்டிகன் ஆக்கலாமாமே, நிஜமாவா??

பதில் 2: ஆமா, வெட்டற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மெஷின் தையல் போட்டுட்டு கத்திரி வைங்க. முதல் வெட்டுல கை நடுங்கும்.